பன்னிரண்டு கட்டங்களும் ஒரே கால் அங்குலமும்: கூட்டுக் குவில்ட்டில் சேர்ந்த அனுபவம்

கோயம்புத்தூரில் எங்கள் பகுதிப் பெண்கள் சிலர் நடத்தும் கூட்டுக் குவில்ட் தையலில் இந்த ஆண்டு நானும் சேர்ந்து, 44 அங்குல அகலமும் 58 அங்குல நீளமும் கொண்ட ஒரு குவில்ட்டைத் தைத்து முடித்திருக்கிறேன். குவில்ட் என்பது ஒட்டுப்போட்ட மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் போர்வை. பிளவுஸும் தலையணை உறையும் பல ஆண்டுகளாகத் தைத்து வருகிறேன் என்றாலும், அதற்கு முன் நான் தைத்த குவில்ட் ஒரு சிறிய குழந்தைப் போர்வை மட்டுமே. கூட்டுத் தையலில் எல்லோரும் ஒரே அமைப்பை ஒரே காலத்தில் தைக்கிறார்கள். துணியும் நிறமும் அவரவர் விருப்பம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு கட்டத்தின், அதாவது துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் ஒரு சதுரத்தின், அளவுகளும் செய்முறையும் வரும். அந்த அமைப்பில் இரண்டு கட்டங்கள் தைத்து, மாதத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடும்போது கொண்டுவந்து விரித்துப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

எங்களுக்குத் தரப்பட்டவை ஆறு அமைப்புகள்: நைன் பேட்ச், ரெயில் ஃபென்ஸ், சர்ன் டேஷ், ஓஹையோ ஸ்டார், சாடூத் ஸ்டார், லாக் கேபின். எல்லாமே அமெரிக்காவில் தலைமுறைகளாகத் தைக்கப்பட்டுவரும் பழைய கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் குவில்ட்டில் சேர்ந்த பிறகு 12 அங்குலச் சதுரமாக நிற்க வேண்டும். தனியாக இருக்கும்போது நான்கு பக்கமும் கால் அங்குலத் தையல் விளிம்பு சேர்த்து 12½ அங்குலம். குறுக்கே மூன்று, நெடுக்கே நான்கு என்று பன்னிரண்டு கட்டங்கள், அவற்றுக்கு நடுவிலும் சுற்றிலும் 2 அங்குல இடைப்பட்டை. அகலம் மூன்று கட்டத்துக்கு 36, நான்கு பட்டைக்கு 8, ஆக 44. நீளம் நான்கு கட்டத்துக்கு 48, ஐந்து பட்டைக்கு 10, ஆக 58. இந்தக் கணக்கை முதல் நாளே தாளில் போட்டுச் சுவரில் ஒட்டியது பிற்பாடு பல இடங்களில் கைகொடுத்தது.

துணிக்கு ஒப்பணக்காரத் தெருவுக்குப் போனேன். 44 அங்குலப் பன்னா கொண்ட பருத்தி பாப்ளின் துணியில், வெளிர் நிறத்தில் இரண்டு, நடுத்தர நிறத்தில் இரண்டு, அடர் நிறத்தில் இரண்டு என்று எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் வெட்டிவிடக் கூடாது என்பது குழுவின் கண்டிப்பான விதி. ஒவ்வொரு துணியிலும் ஒரு மீட்டரை அளந்து குறித்துக்கொண்டு துவைத்தேன். பாப்ளின் 96 சென்டிமீட்டராகச் சுருங்கியது. அடர் சிவப்பிலிருந்து சிறு துண்டு ஒன்றை வெட்டி, வெள்ளைத் துணியில் சுற்றிச் சுடுதண்ணீரில் போட்டபோது வெள்ளை இளஞ்சிவப்பாக மாறியது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று கடையில் சொன்னார்கள். ஊறவைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. அந்தச் சிவப்பை ஒதுக்கிவிட்டு, அதே கடையில் அடர் நீலம் வாங்கி, அதையும் அதே முறையில் சோதித்த பிறகே எடுத்துக்கொண்டேன். வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் சாயம் விடும் துணி ஒன்று இருந்தாலும் போதும், முதல் துவையலிலேயே மாதக்கணக்கான வேலை பாழாகும். ஒரு துண்டு வெள்ளைத் துணியும் ஒரு சொம்பு சுடுதண்ணீரும் இந்தச் சோதனைக்குப் போதும் என்பதால் இதைத் தவிர்க்க யாருக்கும் காரணமில்லை.

கருவிகளில் முதன்மையானவை மூன்று. 45 மில்லிமீட்டர் சுழல் கத்தி 750 ரூபாய், வெட்டுப்பலகை 1,100 ரூபாய், 6 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் கொண்ட ஒளி ஊடுருவும் ஸ்கேல் 1,200 ரூபாய். கத்தரிக்கோலை வைத்துக்கொண்டே சமாளிக்கலாமா என்று யோசித்தேன். ஒரு துணியை நான்காக மடித்து 2½ அங்குலப் பட்டை வெட்டும்போது கத்தரிக்கோலின் கீழ் அலகு துணியைத் தூக்கிவிடுகிறது. அதனால் மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் ஒரே அளவாக வருவதில்லை. சுழல் கத்தியில் துணி பலகையை விட்டு எழும்புவதே இல்லை. தையற்காரர்கள் பயன்படுத்தும் துணி டேப்பை மட்டும் இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. நாள்பட்ட டேப் நீண்டுபோயிருக்கும். எங்கள் குழுவில் இருவர் அங்குலத்தைச் சென்டிமீட்டராக மாற்றி முழு எண்ணாக்கிக்கொண்டார்கள். 12½ அங்குலம் என்பது 31.75 சென்டிமீட்டர், அதை 32 என்று வைத்துக்கொண்டதால், அவர்களின் கட்டங்கள் எதனோடும் பொருந்தாமல் போயின.

முதல் கட்டமான நைன் பேட்ச் பார்ப்பதற்கு மிக எளியது: 4½ அங்குலச் சதுரங்கள் ஒன்பது, வரிசைக்கு மூன்று. அதைத் தைத்துப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன். குழுவில் மூத்தவரான ஓர் அக்கா, “அம்மணி, படம் நல்லாத்தான் இருக்குது. மேல ஸ்கேல வெச்சு இன்னொரு படம் அனுப்பு” என்றார். வைத்துப் பார்த்தால் 12¼ அங்குலம். வெட்டு சரியாகவே இருந்தது, குறை தையலில். ஒரு தையலில் இரண்டு துணிகள் சேர்கின்றன. என் தையல் கால் அங்குலத்தைவிட 1/16 அங்குலம் அதிகமாகத் துணிக்குள் போனதால் தையல் ஒன்றுக்கு 1/8 அங்குலம் குறைந்தது. நைன் பேட்ச்சில் ஒரு திசையில் இரண்டு தையல்கள், ஆகவே கால் அங்குலம் போயிற்று. இதே தையலோடு லாக் கேபின் தைத்திருந்தால், ஒரு திசையில் பத்துத் தையல்கள் இருப்பதால் 1¼ அங்குலம் குறைந்து, 11¼ அங்குலக் கட்டம்தான் கிடைத்திருக்கும். பிளவுஸ் தைக்கும் கைக்கு இந்த நுணுக்கம் பழக்கமில்லை. அங்கே 1/16 அங்குலத்தை உடம்பு பொறுத்துக்கொள்ளும், இங்கே எதுவும் பொறுத்துக்கொள்ளாது.

இயந்திரத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகமான ஃபுட்டில், கால் அங்குல ஃபுட் என்றே 250 ரூபாய்க்குத் தனியாகக் கிடைக்கிறது. வாங்கிப் போட்டேன். ஆனால் அந்த ஃபுட்டின் ஓரத்துக்கும் ஊசிக்கும் நடுவே உள்ள தூரம் இயந்திரத்துக்கு இயந்திரம் சற்று மாறுகிறது. என்னுடையதில் அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. கடைசியில் வேலையை முடித்தது பள்ளிப் பிள்ளைகளின் வரைபடத்தாள். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். தைத்த பிறகு துணியை ஒரு பக்கம் மடித்துத் தேய்க்கும்போது அந்த மடிப்பே ஓர் இழை அளவுக்கு இடத்தைத் தின்றுவிடுவதால், முழுக் கால் அங்குலத்தில் தைத்தாலும் கட்டம் சிறுத்துவிடும். தையல் கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாக நிற்க வேண்டும். ஆகவே மில்லிமீட்டர் வரைபடத்தாளை நேராக வெட்டி, அதன் ஓரத்திலிருந்து 6 மில்லிமீட்டர் கோட்டின் மேல் ஊசியைக் கையால் இறக்கிக் குத்தி, ஃபுட்டை இறக்கித் தாளை அசையாமல் பிடித்துக்கொண்டேன். தாளின் ஓரத்தை ஒட்டி, பழைய விசிட்டிங் கார்டிலிருந்து வெட்டிய பட்டைகள் நான்கை அடுக்கி, இயந்திரத் தட்டின் மேல் டேப்பால் ஒட்டினேன். துணியின் ஓரம் அந்தச் சிறு சுவரில் உரசிக்கொண்டே போனால் தையல் விலகுவதில்லை.

சரிபார்க்கும் முறையையும் அந்த அக்காவே சொல்லிக்கொடுத்தார். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை அடுத்தடுத்துத் தைத்துத் தேய்க்க வேண்டும். நடுப்பட்டை மிகச் சரியாக 1 அங்குலமும் மொத்த அகலம் 3½ அங்குலமும் இருந்தால் தையல் சரி. இதைக் காடாத் துணியில் செய்தேன்; இரண்டு சோதனைக்குப் பிறகு அளவு வந்தது. அன்றுமுதல் ஒவ்வொரு கட்டம் தொடங்கும் முன்பும், ஊசி மாற்றிய பிறகும், இந்த மூன்று பட்டைச் சோதனையைச் செய்யாமல் நல்ல துணியை எடுக்கவில்லை. ஊசி 80/12, நூல் பருத்தி, தையல் நீளம் 2 மில்லிமீட்டர்.

ரெயில் ஃபென்ஸ் வெறும் நேர்ப்பட்டைகள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சர்ன் டேஷில்தான் முக்கோணம் வருகிறது. இரண்டு சதுரங்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு இருபுறமும் கால் அங்குலத்தில் தைத்து, கோட்டிலேயே வெட்டினால் இரண்டு அரைச்சதுர முக்கோணத் துண்டுகள் கிடைக்கும். வெட்டிய ஓரம் கிராஸாக, அதாவது இழைக்கு மூலைவாட்டில், இருப்பதால் இஸ்திரியின் சூட்டில் இழுபட்டு அலையாக நெளியும். என்னுடைய முதல் நான்கு துண்டுகள் நெளிந்துதான் போயின. இதற்கு நம் வீட்டுக் கஞ்சியைவிட நல்ல மருந்து இல்லை. ஜவ்வரிசியை நீர்க்கக் காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, தெளிப்பான் புட்டியில் ஊற்றி, வெட்டுவதற்கு முன்பே துணி முழுவதிலும் தெளித்து உலரவிட்டுத் தேய்த்தேன். துணி தாள்போல் விறைத்து நின்றது. கத்தியின் கீழ் நழுவவில்லை, கிராஸ் ஓரமும் நீளவில்லை. கஞ்சி போட்ட துணியை நாள்கணக்கில் அப்படியே வைத்திருந்தால் பூச்சி வரும் என்பதால், அந்தந்தக் கட்டத்துக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் கஞ்சி போட்டேன். இஸ்திரியையும் முன்னும் பின்னும் தள்ளித் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்தினேன்.

இன்னொரு மாற்றமும் அப்போதே செய்தேன். தரப்பட்ட செய்முறையில், முடிந்த அளவைவிட ⅞ அங்குலம் பெரிதாகச் சதுரம் வெட்டச் சொல்லியிருந்தார்கள். கணக்குப்படி அது சரிதான், ஆனால் கை பழகாதவர்களுக்கு அதில் சீர்செய்ய இடமே இல்லை. 1 அங்குலம் பெரிதாக வெட்டித் தைத்து, பிறகு ஸ்கேலின் 45 பாகைக் கோட்டைத் தையலின் மேல் பொருத்தி நான்கு பக்கமும் சீவி 4½ அங்குலத்துக்குக் கொண்டுவந்தேன். துணி கொஞ்சம் வீணாகிறது. ஆனால் ஒவ்வொரு துண்டும் சதுரமாக நிற்கிறது. ஓஹையோ ஸ்டாரின் கால்சதுர முக்கோணங்களுக்கும் இதே முறை. செய்முறை சொன்ன 5¼ அங்குலத்துக்குப் பதில் 5½ அங்குலத்தில் வெட்டிக்கொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் சாடூத் ஸ்டார். நடுவில் 6½ அங்குலச் சதுரம் ஒன்று, மூலைகளில் 3½ அங்குலச் சதுரங்கள் நான்கு, பக்கங்களில் ஃப்ளையிங் கீஸ் எனப்படும் 3½க்கு 6½ அங்குலத் துண்டுகள் நான்கு. இந்த நான்கையும் ஒரே நேரத்தில், துணியே வீணாகாமல் தைக்கும் முறை ஒன்று உண்டு. பின்னணித் துணியில் 7¼ அங்குலச் சதுரம் ஒன்று, நட்சத்திரத் துணியில் 3⅞ அங்குலச் சதுரங்கள் நான்கு. பெரிய சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு சிறு சதுரங்களை வைத்தால் அவை நடுவில் சற்று ஒன்றன் மேல் ஒன்று ஏறும். மூலைக்கு மூலை கோடு போட்டு இருபுறமும் தைத்து, கோட்டில் வெட்டித் தேய்த்தால், கையில் இதயவடிவத்தில் இரண்டு துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றின் எஞ்சிய மூலையிலும் மீதமுள்ள சிறு சதுரத்தை வைத்து அதே போலத் தைத்து வெட்டினால், மொத்தம் நான்கு ஃப்ளையிங் கீஸ். இங்கும் நான் 7½, 4 என்று பெரிதாக வெட்டிச் சீவினேன். சீவும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே: முக்கோணத்தின் உச்சிக்கு மேல் கால் அங்குலத் துணி கட்டாயம் மிஞ்சியிருக்க வேண்டும். அந்தக் கால் அங்குலம் அடுத்த தையலுக்குள் போய்விடும். அது இல்லையென்றால் முக்கோணத்தின் முனை மழுங்கிவிடும்.

மாதக்கூட்டத்தில் எல்லோருடைய நட்சத்திரங்களையும் தரையில் விரித்தபோதுதான் கூட்டாகத் தைப்பதன் பயன் எனக்கு முழுமையாகத் தெரிந்தது. தனியாகத் தைத்தால் முனை மழுங்கியது தெரியுமே தவிர, காரணம் தெரியாது. ஒரே கட்டத்தை இருபது பேர் தைத்து அருகருகே வைத்தால், உச்சிக்கு மேல் துணி விடாதவர்களின் முனைகள் நான்கும் மழுங்கியிருக்கும். தையல் அகலம் பிசகியவர்களின் கட்டம் முழுவதும் சிறுத்திருக்கும். இஸ்திரியைத் தள்ளித் தேய்த்தவர்களின் கட்டம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். நோயை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் சரியில்லாத கட்டத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதைப் பார்த்தேன். முதலில் கொண்டுவர வேண்டியதே அந்தக் கட்டம்தான்.

லாக் கேபினில் நடுவே 2½ அங்குலச் சதுரம், அதைச் சுற்றி 1½ அங்குலப் பட்டைகள் ஐந்து சுற்று. நீளப் பட்டையைத் தைத்துவிட்டு மிஞ்சியதை வெட்டுவது வேகமான வழி. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் துணி சற்று இழுபட்டு, கட்டம் கோணிக்கொண்டே போகும். ஆகவே எல்லாப் பட்டைகளையும் முதலிலேயே நீளத்துக்கு வெட்டி எண்ணிட்டு வைத்துக்கொண்டேன்: முதல் சுற்றுக்கு 2½, 3½, 3½, 4½, அங்கிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டிரண்டு அங்குலம் கூட்டிக்கொண்டே போய், கடைசிச் சுற்றுக்கு 10½, 11½, 11½, 12½. பட்டை நீளமும் கட்டத்தின் பக்கமும் பொருந்தவில்லையென்றால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். ஐந்து சுற்று முடிந்தபின் வருந்த வேண்டியதில்லை. இரண்டு லாக் கேபினும் 12½ அங்குலத்தில் வந்து நின்றன.

இடைப்பட்டைக்கு எடுத்த துணியில் ஒரு சிக்கல். பன்னா 44 அங்குலம் என்றாலும் துவைத்துக் கரையை நீக்கியபின் 42 அங்குலமே மிஞ்சியது. படுக்கைவாட்டில் வரும் பட்டைகளுக்கோ 44½ அங்குல நீளம் வேண்டும். ஒட்டுப் போடுவதற்குப் பதிலாக, துணியின் நீளவாக்கில் வெட்டினேன். நீளவாக்கு இழை குறுக்கு இழையைவிடக் குறைவாக இழுபடும் என்பதால் இது இரட்டை லாபம். 1.25 மீட்டரில் ஐந்து நீளப் பட்டைகளும் பதினாறு குட்டைப் பட்டைகளும் கிடைத்து, துணியும் மிஞ்சியது. 12⅜ அங்குலமாக வந்திருந்த நைன் பேட்ச் ஒன்றைப் பட்டையின் இரு முனையிலும் நடுவிலும் குண்டூசி குத்தி, உபரியைச் சமமாகப் பரப்பித் தைத்துச் சேர்த்துவிட்டேன். 1/8 அங்குலம் வரை இப்படித் தாங்கும், அதற்கு மேல் பிரித்துத் தைப்பதே நல்லது.

அடித்துணிக்கு வீட்டில் இருந்த பழைய எட்டு முழ வேட்டியைப் பயன்படுத்தினேன். 50 அங்குல அகலம் இருந்ததால், கரையைச் சேர்த்தே விரித்தாலும் இருபுறமும் மூன்று அங்குலம் மிஞ்சியது. நடுவில் ஒட்டும் தேவைப்படவில்லை. பலமுறை துவைத்த துணி என்பதால் இனிச் சுருங்காது. நடுவில் வைக்கப் பருத்திப் பேட்டிங் எனப்படும் பஞ்சு விரிப்பு, 900 ரூபாய். வேட்டியைத் தரையில் விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டியபோது சுருக்கமே இருக்கக் கூடாது என்று விறைப்பாக இழுத்துவிட்டேன். மூன்று அடுக்கையும் ஊக்கால் குத்தி முடித்து டேப்பை எடுத்ததும் வேட்டி தன் பழைய அளவுக்குத் திரும்ப, மேலே கட்டங்கள் புடைத்துக்கொண்டன. எல்லா ஊக்குகளையும் எடுத்துவிட்டு மறுபடி விரித்தேன். துணி தரையில் சமமாகப் படுத்திருந்தால் போதும், இழுக்கவே வேண்டியதில்லை. ஊக்குகளை நடுவிலிருந்து தொடங்கி ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகக் குத்தினேன்.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதற்கு வாக்கிங் ஃபுட், 650 ரூபாய். சாதாரண ஃபுட்டில் கீழ்த்துணியை இயந்திரத்தின் பற்கள் இழுக்க, மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். வாக்கிங் ஃபுட் மேலிருந்தும் துணியை நகர்த்துகிறது. இந்தக் குவில்ட்டில் செலவு செய்து வருந்தாத முதல் பொருள் இது. தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்கு மாற்றி, முதலில் நடு இடைப்பட்டையின் இருபுறமும், பிறகு அங்கிருந்து வெளிப்புறமாக, ஒவ்வொரு பட்டையை ஒட்டியும் நேர்கோடுகள் தைத்தேன். சிறிய இயந்திரத்தின் கழுத்துக்குள் பாதிக் குவில்ட்டைச் சுருட்டி நுழைக்க வேண்டியிருந்ததால், பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு எடையை அதன் மேல் ஏற்றிவைத்தேன். குவில்ட் தொங்கினால் அதன் எடை தையலை இழுத்துக் கோணலாக்கும்.

பைண்டிங்குக்கு, அதாவது ஓரத்தைச் சுற்றி மூடும் பட்டைக்கு, சுற்றளவு 204 அங்குலம், மூலைக்கும் இணைப்புக்கும் பத்து அங்குலம். 2½ அங்குலப் பட்டைகள் ஆறு, 45 பாகையில் ஒட்டுப் போட்டு நீளமாக்கி, இரண்டாக மடித்துத் தேய்த்து, முன்பக்கம் இயந்திரத்தில் தைத்து, பின்பக்கம் எம்மிங் செய்தேன். மூலையில், ஓரத்துக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தி, பட்டையை நேர் மேலே மடித்து, பிறகு கீழே மடித்தால் கூரான மடிப்பு தானாக வருகிறது.

செலவு: துணி 1,150, பேட்டிங் 900, நூல் 240, புதிய கத்தி அலகு 180, ஆக இந்தக் குவில்ட்டுக்கு 2,470 ரூபாய். கருவிகளுக்குத் தனியாக 3,950 ரூபாய். அவை அடுத்தடுத்த குவில்ட்டுகளுக்கும் உழைக்கும். புதிதாகச் சேருகிறவர்கள் கால் அங்குல ஃபுட்டுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம்பிடித்து வாக்கிங் ஃபுட்டில் போடலாம்.

முதல் துவையலுக்குப் பிறகு, பேட்டிங் சற்றுச் சுருங்கி, குவில்ட் 43க்கு 56½ அங்குலமாக நிற்கிறது. நீலம் எங்கும் இறங்கவில்லை. அடுத்த சுற்றுக்கு முதலிலேயே நான்கு மீட்டர் காடா வாங்கி வைத்திருக்கிறேன்: ஒவ்வொரு புதிய கட்டத்தையும் அதில் ஒரு முறை தைத்து, 12½ அங்குலம் வந்த பிறகே நல்ல துணியை வெட்டுவதாக உத்தேசம். இடைப்பட்டைகளையும் இந்த முறை 12½ அங்குலம் என்று கணக்குப்படி வெட்டாமல், பன்னிரண்டு கட்டங்களையும் அளந்து, வந்த சராசரிக்கு வெட்டப் போகிறேன். பேட்டிங்கையும் தைப்பதற்கு முன் தண்ணீரில் நனைத்து உலர்த்திச் சுருக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும்.